புதன்கிழமை பூட்டிய வீடுகள்

தேர்தல் வியூக வேலையில் மாட்டிக்கொண்ட உங்களுக்கு நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை: கண்ணைத் திறந்துகொண்டே கனவு காணத்தான் நமக்குச் சம்பளம். தெருவைப் பார்த்தால் தெரு தெரியாது, ஓட்டுத்தான் மிதக்கும்.

வெள்ளை வீடு

தெலுங்குச் சீமையில் ரயில்வே ஒர்க்‌ஷாப்பை ஒட்டிய பேட்டை லாலாகுடா; அங்கே எங்கள் வேட்பாளருக்காக வீடுகளை வண்ணம் பிரித்தேன். பச்சை நம்மவர், சிவப்பு எதிராளி, மஞ்சள் மதில்மேல் பூனை. ஓட்டே இல்லாத வீடு வெள்ளை. அங்கே நின்றால் நேரம் வீண்.

ஒரு சந்து முழுக்க வெள்ளை. மத்தியான வெயில், ஒர்க்‌ஷாப் சங்கு, தூக்கத்தில் போவதுபோல் சைக்கிள்கள். வேட்பாளர் விடுவிடுவென்று சந்தைத் தாண்டிவிட்டார். ரயில்வேயில் ரிட்டயரான ஸ்டெல்லா ஆன்ட்டி வாசலிலிருந்து என் கையைப் பிடித்தார்.

"ஓட்டர் லிஸ்ட்டுல பேரை எடுத்துட்டாங்க கண்ணு. அதுக்காக நாங்க செத்தா பூட்டோம்? ஒரு வணக்கம்கூடக் கிடையாதா?"

நம்ம ஓட்டா?

விசாரித்தேன். வாக்காளர்களைச் சரிபார்க்கும் அங்கன்வாடி டீச்சர் ஒரு புதன்கிழமை சாயங்காலம் வந்திருக்கிறார். புதன்தோறும் மாதா கோயிலில் நொவேனா ஜெபம், சந்தே பூட்டிக்கிடக்கும். எல்லோரையும் காலி செய்துவிட்டுப் போனவர்கள் என்று எழுதிவிட்டார்.

திரும்பச் சேர்க்கக் கெடு நெருங்கிக்கொண்டிருந்தது. சந்துக்கே மனு போடுகிறேன் என்றேன். எங்கள் பிரசார மேனேஜர் செல்போனிலிருந்து தலையை நிமிர்த்தாமலே கேட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அவங்க நம்ம ஓட்டா? தெரியாதுன்னா நக்கோ மேடம், வேணாம், எதுக்கு வம்பு?"

கோயில் வளாகம்

மனு போட்டேன். கெடு முடிகிற நாள் டீச்சர் திரும்பச் சரிபார்க்க வந்தார், அதுவும் புதன்கிழமை! "மாதாவுக்கு லீவு சொல்ல மாட்டேன்" என்று ஆன்ட்டி கிளம்பிப் போயிருந்தார். டீச்சரைக் கையோடு கோயிலுக்கே கூட்டிப் போனேன்.

வளாகம் முழுக்க மெழுகுவத்தி, தமிழ்ப் பாட்டு, முக்காடு போட்ட முகங்கள். நான் எதற்கு வந்தேன் என்பதே கொஞ்ச நேரம் மறந்துபோயிற்று. டீச்சர் தெலுங்குக்காரர், பழகிய தமிழில் மெதுவாகச் சொன்னார்.

"அய்யோ மேடம், எல்லாரும் இங்கயா இருக்காங்க? நான் பூட்டைப் பார்த்துட்டு சந்தே காலின்னு எழுதிட்டேனே!"

மை வைத்த விரல்

டீச்சர் அன்றைக்கே எல்லோர் பேரையும் திரும்பச் சேர்க்க எழுதிக்கொடுத்தார். வாக்குப்பதிவன்று சந்து மொத்தமும் வரிசையில் நின்றது. ஆன்ட்டி மை வைத்த விரலைத் தூக்கிக்கொண்டே வெளியே வந்தார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. யாருக்கு என்று நான் கேட்கவில்லை. அவராகவே என் காதருகில் குனிந்தார்.

"உன் ஆளுக்குப் போடல கண்ணு, சந்துல யாருமே போடல. எங்களைக் கண்டுக்காமப் போனவருக்கு எப்படிப் போடறது, நீயே சொல்லு?"

ஒரு சந்து மொத்தத்தையும் பாடுபட்டுத் திரட்டி எதிர்க்கட்சிக்குக் கொடுத்தேன்; என் தொழிலில் நான் பெருமையாகச் சொல்லிக்கொள்கிற வியூகம் அது ஒன்றுதான்.