காற்றும் கூடவே சுற்றுகிறது

காலை ஐந்தேகாலுக்குக் காஞ்சிபுரம் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தபோது, சொக்கம்மாள் மாவு மிஷினின் பெல்ட்டில் மெழுகு தேய்த்துக்கொண்டிருந்தாள். அவள் கணவர் கோபால் போய்விட்டார் என்று மறுமுனையில் அவள் தம்பி வரதன் அழுதான். முழுவதும் கேட்டாள். கையைத் துடைத்துக்கொண்டு, ஜெர்மனியில் வேலை பார்க்கும் ஒரே மகள் இளமதியைக் கூப்பிட்டாள். "பொறப்படு. நீ வர்ற வரைக்கும் நைனாவ எடுக்க வுட மாட்டேன்." பிறகு மிஷினை ஓடவிட்டு, அந்த இரைச்சலுக்குள் அழுதாள்.

மாகறலில் அவளைத் தெரியாதவர்கள் இல்லை. புருவத்தில் எப்போதும் மாவு படிந்திருக்கும். மிஷினோடு போட்டி போட்டுப் பேசிப் பேசி, கோயிலில்கூட உரத்துத்தான் பேசுவாள். மிளகாய் அரைக்க வந்தவர்கள் தும்மினால், "உன் மொளகா, உன் மூக்கு. என்னை எதுக்கு மொறைக்கிற?" என்பாள்.

மகள் விமானத்தில் வரும் நாட்களில் ஒரு வழக்கம் உண்டு. செல்போனில் வரைபடத்தைத் திறந்து, நகர்ந்துகொண்டேயிருக்கும் அந்தச் சின்ன மஞ்சள் விமானத்தைச் சுவிட்ச் போர்டின்மேல் சாய்த்து வைத்துவிடுவாள். மாவு வாங்க வருகிறவர்களிடமெல்லாம், "எம்பொண்ணு இப்போ கருங்கடல் மேல கீது" என்று காட்டுவாள். போகப் பத்தரை மணி நேரம், வர ஒன்பது மணி நேரம் என்பது அப்படிப் பார்த்துப் பார்த்துத் தெரிந்துகொண்டது. ஏன் அப்படி என்று மகளைக் குடைந்து கேட்டதும் உண்டு.

மதியம், உத்திரமேரூரிலிருந்து வந்த ஐஸ் பெட்டியில் கோபாலைக் கிடத்தினார்கள். சற்று நேரத்தில் இளமதி விமானம் ஏறிவிட்டதாகச் செய்தி வந்தது. வாசலில் மூங்கில் வெட்டிப் பாடை கட்டிக்கொண்டிருந்தார்கள். பொழுது சாய்வதற்குள் எடுத்துவிட வேண்டும் என்று நின்றான் கொழுந்தன் மோகன்.

"அவ வந்து சேர நாளைக்கு சாயங்காலம் ஆயிடும் அண்ணி. பூமி கெயக்கால சுத்துது. பிளேனும் கெயக்காலதான் வருது. ஊரு முன்னாடி ஓடிக்கினே இருந்தா அது எப்போ எட்டிப் புடிக்கிறது?"

கூடியிருந்த ஆண்கள் தலையாட்டினார்கள். அவர்களுக்கு நியாயமாகத்தான் பட்டது.

"ஏன் மோகனு, ஓடற பஸ்சுல நின்னுக்கினு பாக்குப் பொட்லத்தத் தூக்கிப் போட்டுப் புடிப்பியே, அது என்னிக்காவது பின்சீட்டுக்காரன் மடியில வுழுந்துச்சா? உன் கைக்கேதான வந்துச்சு? பஸ்சு ஓடினா பொட்லமும் கூடவே ஓடுது. பூமி சுத்தினா காத்தும் கூடவே சுத்துது, பிளேனும் கூடவே சுத்துது. அத்தோட வுட்டுச்சா? பூமி சுத்தற சுத்துலதான் அவ்ளோ ஒசரத்துல காத்து மேக்கேருந்து கெயக்கால திரும்பி அடிக்குது. அது எம்பொண்ண முதுவுல கைவச்சுத் தள்ளிக்கினு வருது. ராத்திரி மீனம்பாக்கம். விடியறதுக்குள்ள வூடு."

"பொட்டப்புள்ள வந்து இன்னா பண்ணப் போவுது?" என்றார் பங்காளி ஒருவர்.

"மொகம் பார்க்கும். கொள்ளி வைக்கும்."

பந்தலில் சலசலப்பு எழுந்தது. "பெரிய படிப்பு படிச்சாப்புல பேசறியே அண்ணி" என்றான் மோகன்.

"நான் படிக்கல. படிச்சவளப் பெத்தேன்."

மோகன் அவளை விட்டுவிட்டு வாசல் பக்கம் திரும்பினான். "நீங்க கட்டுங்கப்பா. பொம்பள பேச்சக் கேட்டுக்கினு நின்னா இருட்டிப் போவும்."

சொக்கம்மாள் எழுந்து வாசலுக்குப் போனாள். பாடை கட்டுகிறவனின் கையிலிருந்த கயிற்றுச் சுருளை வாங்கினாள். அவன் தடுக்கவில்லை. உள்ளே வந்து, ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் அதைத் தரையில் போட்டு, அதன்மேல் சம்மணமிட்டு உட்கார்ந்தாள். எழுப்ப யாரும் வரவில்லை.

வாசலில், பாடையின் இரண்டு குறுக்குக் கழிகள் கட்டாமல் கிடந்தன.