செவுரு ஐயாவுக்குச் சொன்ன பதில்

எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயில் சுவரில் அவர் கட்டைவிரலை வைத்து மெல்ல அழுத்தினார். நகம் முழுக்க உள்ளே போய்விட்டது. விரலை எடுத்து, அதில் ஒட்டியிருந்த ஈர மண்ணைப் பார்த்தார். பிறகு, தலைக்குக் குளித்துப் பூ வைத்து வரிசையாக நின்ற எங்களைப் பார்த்தார். "அம்மா, நான் பழைய சுவரைப் பாக்க வந்தனான். நீங்கள் எனக்குப் புதுச் சுவரைக் காட்டுறியள்" என்றார். அவர் குரலில் கோபம் இல்லை. எங்களுக்குத்தான் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

அவர் யாழ்ப்பாணத்து மனிதர். பழைய கட்டடங்களைப் பார்த்து, இது உண்மையாகவே பழையதா இல்லையா என்று சொல்கிற அரசாங்க உத்தியோகம். பதுளையில் வேலை. தெமோதரையில் பஸ்ஸை விட்டு இறங்கி, தேயிலை மலை ஏறி நடந்தே வந்திருந்தார். தொண்ணூறுகளின் கடைசி அது. கொழுந்து லொறி போகத் தோட்டத்தில் புதுப் பாதை வெட்டப் போகிறார்கள், அது கோயிலை உடைத்துக்கொண்டுதான் போகும் என்று சொல்லியிருந்தார்கள். கோயில் பழைய காலத்தது என்று இவர் எழுதிக் கொடுத்தால் பாதை வேறு பக்கம் திரும்பும். அவ்வளவு பெரிய காரியத்துக்கு வருகிறவர் முன்னால் எங்கள் மாரியம்மாவின் வீடு வெடிப்பும் கறையுமாக நிற்கலாமா? திருவிழாவுக்குப் பூசுவது போலவே புற்றுமண்ணும் சாணமும் குழைத்து முதல் நாளே நாங்கள் பெண்கள் எல்லாச் சுவரையும் பூசி மெழுகிவிட்டோம். வீட்டுக்கு வருகிறவர்களுக்கு வாசல் தெளிக்கிற புத்திதான் எங்களுக்கு. அவர் பார்க்க வந்ததே அந்த வெடிப்பையும் கறையையும் என்பது யாருக்குத் தெரியும்?

கோயில் கமிட்டித் தலைவர் என் கணவருடைய அண்ணன், எனக்கு மூத்தார். பூச்சைச் சீவிப் பார்க்க ஐயா பையிலிருந்து ஒரு சின்னக் கத்தியை எடுத்ததும் மூத்தார் குறுக்கே வந்து நின்றுவிட்டார்.

"ஐயா, கோவிச்சுக்கக் கூடாது. அம்மா செவுத்துல கத்தி வைக்கணும்னா அம்மாவக் கேக்கணுங்க."

"அதுக்கென்ன, கேளுங்கோ."

பூசாரி அம்மனின் இரண்டு தோளிலும் ஒவ்வொரு பூவை வைத்தார். வலது தோள் பூ விழுந்தால் சம்மதம், இடது விழுந்தால் வேண்டாம். எங்களுக்கு இது சாதாரணம். கல்யாணத்துக்கும் இப்படித்தான் கேட்போம், கிணறு வெட்டவும் இப்படித்தான். ஆனால் அன்றைக்கு எந்தப் பூவும் அசையவில்லை. வெயில் சுவரை விட்டு இறங்கி முற்றத்துக்குப் போனது. தேத்தண்ணி வந்தது, ஆறியது. ஐயா பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, பஸ்ஸை நினைத்தோ என்னவோ, அடிக்கடி மலைக்குக் கீழே பார்த்தார். நேரமாகிறது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. "எங்கட மேலதிகாரியும் இப்பிடித்தான், கேட்டால் கெதியாப் பதில் வராது" என்றார். மூத்தாரே சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் வலது தோள் பூ விழுந்தது. எல்லாரும் கையெடுத்துக் கும்பிட்டோம். ஐயாவும் கும்பிட்டார்.

பின் சுவரில் ஓர் உள்ளங்கை அகலத்துக்கு அவர் மண்ணைச் சீவிச் சீவி எடுத்தார். என்னால் கண்ணை எடுக்க முடியவில்லை. வெங்காயத்தை உரிப்பது போல ஒன்றன் கீழ் ஒன்றாகப் பூச்சு வந்துகொண்டே இருந்தது. ஒன்று சிவப்பு, ஒன்று சாம்பல், ஒன்றில் மானாப்புல் துண்டு. எல்லாம் ஒவ்வொரு திருவிழாவுக்கும் பூசியது. என் மாமியார் பூசியது, அவருடைய மாமியார் பூசியது. கடைசியில் இரும்பு போல இறுகிய பழைய சுவர் வந்தது. கல்லுக் கட்டடம் என்றால் சுலபம், மண் கரையும், திரும்பப் பூசுவார்கள், எதைப் பழசு என்று சொல்வது என்பதுதான் தன்னுடைய தலையிடி என்று சொல்லிக்கொண்டே அந்த இடத்தைத் துணியால் துடைத்தார். அவர் முகத்தில் சந்தோஷம் தெரிந்தது. அன்றிலிருந்து தோட்டத்தில் அவருக்குச் செவுரு ஐயா என்று பேர்.

இதோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்கமாட்டேன். பொழுது சாய்ந்துவிட்டது. முன் மண்டபத்துச் சுவரிலும் கத்தி வைக்க வேண்டுமானால் மறுபடி பூக் கேட்க வேண்டும். அவர் சாமிக்கு முன்னால் வந்து நின்று கேட்டார். "முன் சுவரும் பின் சுவரும் ஒரே காலத்ததோ? அப்பிடியெண்டால் நான் வெட்டத் தேவையில்லை."

"ஆமாங்கய்யா. எல்லாமே வெள்ளைக்காரன் காலத்துல காடு வெட்ட வந்த சனங்க கட்டுனதுங்க" என்றார் மூத்தார்.

ஐயா எங்கள் பக்கம் திரும்பினார். "நீங்கள்தானே பூசுறனீங்கள். நீங்கள் சொல்லுங்கோ."

அவர் குறிப்பாக என்னைப் பார்த்துக் கேட்கவில்லை. ஆனால் நான்தான் முன்னால் நின்றேன். அப்போதுதான் காட்டிய கற்பூரம் இன்னும் எரிந்துகொண்டிருந்தது, அம்மா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குக் கல்யாணமாகி வந்த புதிதில் அடித்த பெருமழையில் முன் சுவர் அப்படியே உட்கார்ந்துவிட்டது. இடிந்த மண்ணில் ஒரு கூடை கூட வெளியே போகவிடாமல், தண்ணீர் விட்டுக் காலால் மிதித்து, பழைய அஸ்திவாரத்தின் மேலேயே எழுப்பினோம். நானும் மிதித்தேன். கற்பூரத்துக்கு முன்னால் நின்று வேறு எதைச் சொல்வது?

"முன் செவுரு விழுந்துருச்சுங்க. அதே மண்ணக் கொழைச்சுத் திரும்ப எழுப்புனோம். நானே மிதிச்சேங்க" என்றேன்.

ஐயா தலையை ஆட்டிவிட்டு, கத்தியைத் துடைத்துப் பைக்குள் வைத்தார்.

எங்கள் வழக்கத்தில் மூத்தார் தம்பி மனைவியிடம் நேரே பேசமாட்டார். அன்று இரவுச் சாப்பாட்டுக்கு முன்பே எங்கள் லயத்து வீட்டு வாசலில் நின்று, எனக்குக் கேட்கும்படி என் கணவரைத் திட்டினார். "ஒம் பொஞ்சாதி வாய்க்கு ஒரு பூட்டு வாங்கிப் போடுடா. நல்லதாப் பாத்து வாங்கு." என் கணவர் சாப்பிட்டுவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அதற்குப் பிறகு எனக்கு நிலைகொள்ளவில்லை. கொழுந்து எடுக்கும்போது கை பாட்டுக்கு எடுக்கும், மனம் கோயிலைச் சுற்றிக்கொண்டு நிற்கும். மலை முகட்டில் ஏதாவது வாகனச் சத்தம் கேட்டால் பாதை வெட்ட வந்துவிட்டார்கள் என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும். "அம்மா, உனக்காகத்தானே சொன்னேன், உன் வீட்டையே நான் இடித்துவிட்டேனா" என்று வெள்ளிக்கிழமைதோறும் கேட்டேன். பூ வைத்துக் கேட்க மட்டும் துணிச்சல் வரவில்லை.

மழைக்காலம் முடிந்து முடிவு வந்தது. அதைச் சொல்ல அவரே மலை ஏறி வந்தார். கருவறையும் பின் சுவரும் பழையவை, அவற்றைத் தொடக்கூடாது. முன் மண்டபம் பிற்காலத்தது, பாதைக்கு எடுத்துக்கொள்ளலாம். மூத்தார் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். ஐயா மண்டபப் படியில் உட்கார்ந்து, யாரிடம் என்றில்லாமல் பேசினார். "அதே மண், அதே இடம், அதே சனம் எண்டு நான் மேலிடத்தில சொல்லிப் பாத்தன். மண் பழசெண்டால் இந்த மலை முழுக்கப் பழசுதானே எண்டு சிரிச்சினம்."

நான் கேட்கக்கூடாததைக் கேட்டேன். "அன்னைக்கு நான் சும்மா இருந்திருந்தா என்னாகியிருக்குங்க, ஐயா?"

அவர் எனக்கு ஆறுதலாக ஏதாவது சொல்லியிருக்கலாம். என்றைக்கிருந்தாலும் தெரிந்திருக்கும் என்றோ, எல்லாம் அவள் செயல் என்றோ சொல்லியிருந்தால் நான் அப்படியே நம்பியிருப்பேன்.

"முழுக்கத் தப்பியிருக்கும், அம்மா" என்றார். "உங்களிட்டை நான் பொய் சொல்ல ஏலாது."

அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அவரை நினைத்துக்கொண்டிருக்கிறேன். கொஞ்ச நாள் அவர் மேல் எனக்குக் கோபம்கூட இருந்தது. பிறகு மாற்றலாகி எங்கேயோ போய்விட்டார் என்று கேள்விப்பட்டேன்.

மண்டபத்தைப் பாதை வெட்டுகிறவர்கள் இடிப்பதற்கு முன் நாங்களே பிரித்து, அந்த மண்ணைக் கூடை கூடையாகச் சுமந்து, கருவறையை ஒட்டிச் சின்னதாக ஒரு முன் சுவர் எழுப்பினோம். இப்போது கொழுந்து லொறி வாசலை உரசிக்கொண்டு போகிறது. ஒவ்வொரு லொறிக்கும் விளக்கு ஆடும், சுவர் வெடிக்கும். வெடித்ததைப் பூசிக்கொண்டே இருக்கிறோம். அப்படிப் பூசும்போதெல்லாம், அன்று பேசாமல் இருந்திருக்கலாமோ என்று மனம் ஒரு பக்கம் இழுக்கும். பேசாமல் இருந்திருந்தால் அந்த மண்டபத்துக்குள் எந்த முகத்தோடு நின்று கும்பிட்டிருப்பாய் என்று மறு பக்கம் இழுக்கும். இரண்டில் ஒன்று என்று அம்மா இன்னும் சொல்லவில்லை.

இப்போதெல்லாம் கோயிலைப் பார்க்கப் படித்த பிள்ளைகள் வருகிறார்கள். எது பழசு, எது புதுசு என்று கேட்கிறார்கள். மூத்தாருக்கு வயதாகிவிட்டது, வாய் மட்டும் குறையவில்லை. "எங்கிட்ட கேட்டா ஆயிரம் வருசம்னு சொல்லுவேன். உள்ளத கேக்கணும்னா அந்தா, எந் தம்பி பொஞ்சாதி நிக்கிது, அதுகிட்ட போங்க" என்று கையைக் காட்டிவிடுகிறார். அது கேலியா மரியாதையா என்று எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை. கை மண்ணைக் கழுவிக்கொண்டு போய், விழுந்தது எது, விழாதது எது என்று சுவர் சுவராகக் காட்டிவிட்டு வருகிறேன்.