என் போட்டோ ஒட்டிய அட்டை

விருத்தாசலம் ஜங்ஷனுக்குப் பக்கத்தில் ஒரு லாட்ஜ் பாரில் சப்ளையராக இருக்கிறேன். சம்பளம் பேருக்கு ஒன்று உண்டு. சோறு போடுவது டிப்ஸ்தான். அதிலும் ஏசி ரூமில் நிற்க வேண்டுமென்றால் முதலாளிக்குத் தினம் நூறு ரூபாய் வைக்க வேண்டும். ஊரெல்லாம் கூலி வாங்கி வேலை செய்கிறது, கூலி கொடுத்து வேலை செய்கிற கூத்து எங்களுடையது.

போன வருஷம் அவருக்கு இன்னொரு யோசனை வந்தது. டிப்ஸும் செல்போனிலேயே வரட்டும் என்று மேசைக்கு மேசை ஸ்கேன் அட்டை வைத்தார். அட்டையில் அந்தந்த சப்ளையர் போட்டோ. சிரிக்கச் சொன்னார், சிரித்தேன். அட்டை அடித்த செலவு நூற்றைம்பதை எங்களிடமே பிடித்தார். அட்டையைச் செருகும் பீங்கான் ஸ்டாண்டுகூட, என் மனைவி வேலை பார்க்கிற கம்பெனியில் கழித்துப் போட்டதை நான்தான் இனாமாக வாங்கிக் கொடுத்தேன். பணம் போய் விழும் கணக்கு மட்டும் முதலாளியம்மா பெயரில்.

"மாசக் கடைசியில பிரிச்சித் தரேன்" என்றார். எத்தனையோ மாசக் கடைசி வந்து போனது. கேட்டால், உடைந்த கிளாஸுக்குச் சரியாகப் போய்விட்டதாம்.

அந்தச் சமயம் மகளுக்கு நர்சிங் சீட்டு கிடைத்திருந்தது. ஃபீஸில் ஐயாயிரம் குறைந்தது. திங்கட்கிழமை கடைசி நாள். வட்டிக்குக் கேட்ட இடத்திலெல்லாம் கையை விரித்தார்கள்.

சனிக்கிழமை மதியம் மங்கலம்பேட்டை நண்பன் என்னைப் பார்க்க வந்தான். ஒன்றாகப் படித்தவன், குவைத்திலிருந்து லீவில் வந்திருந்தான். ஃபீஸ் கதையைப் போனில் அவனிடம் புலம்பியிருந்தேன். குடிக்கிறவன் இல்லை, லெமன் ஜூஸ் வாங்கி உட்கார்ந்தான். நான் பக்கத்து மேசைக்குப் போய்த் திரும்புவதற்குள் கல்லாவில் இருந்த ஸ்பீக்கர், "ஐயாயிரம் ரூபாய் பெறப்பட்டது" என்றது.

"பொண்ணு ஃபீஸுக்கு வச்சிக்க மச்சான். கையில குடுத்தா வாங்க மாட்ட, அதான் உன் அட்டையில போட்டுட்டேன். பொம்பளப் பேரு காட்டுச்சு, தங்கச்சி பேருலயா அக்கவுண்டு?"

தங்கச்சி என்றே கூப்பிட்டுப் பழகியவனுக்கு என் மனைவியின் பெயர் தெரியாது. கல்லாவிலிருந்து முதலாளி பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆமாண்டா" என்றேன். அந்த ஒரு வார்த்தைக்காக என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம்.

அவன் போனதும் முதலாளியிடம் விஷயத்தைச் சொன்னேன்.

"அட்டையில வந்தா அது டிப்ஸு. மத்தவங்களுக்கும் பங்கு இருக்குதுல்ல? மாசக் கடைசியில பாப்போம்."

மற்றவர்கள் மேல் அவருக்கு அக்கறை வந்தது அன்றைக்குத்தான். கெஞ்சினேன், காலில் விழாத குறை. அவர் செல்போனை நோண்டிக்கொண்டிருந்தார். நண்பனிடம் உண்மையைச் சொல்லியிருக்கலாம். என் மூஞ்சியைக் காட்டி இன்னொருத்தனுக்கு வசூல் பண்ணிக்கொண்டிருக்கிறேன் என்று எந்த வாயால் சொல்வது? திங்கட்கிழமையும் போனது, சீட்டும் போனது.

போன மாதம் குவைத்திலிருந்து பேசினான். "பாப்பா காலேஜுக்குப் போவுதா?"

"போவுதுடா."

மகள் அப்போது டிபன் பாக்ஸோடு, அவள் அம்மா கூடப் பீங்கான் கம்பெனிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். நான் சொன்னது அவள் காதில் விழுந்தது. செருப்பை மாட்டியபடி என்னை ஒரு தடவை பார்த்துவிட்டுப் போனாள்.