நெட்டையனை ரிப்போர்ட் செய்தவள்

மாதப்பன் அண்ணன் இறந்துவிட்டார்.

நேற்று மதியம் எங்கள் கேம் குரூப்பில் அவருடைய அக்கா ஒரு வாய்ஸ் மெசேஜ் போட்டிருந்தார். ஜுரம் என்று சேலம் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். நான்கே நாள்...

உங்களில் பலருக்கு அவரைத் தெரியாது. நானும் இன்று காலை வரை நேரில் பார்த்ததில்லை.

கண்ணில் விஆர் ஹெட்செட் மாட்டிக்கொண்டு மலை ஏறுகிற ஆன்லைன் கேம் ஒன்று நான் விளையாடுவது தெரியும்தானே. அதில்தான் பழக்கம். நான் நல்லம்பள்ளி, அவர் அரூர் பக்கம். இரண்டு பஸ் மாறினால் போய்விடலாம். ஆனால் நாங்கள் பார்த்துக்கொண்டதெல்லாம் எந்த ஊரிலும் இல்லாத ஒரு மலையில்.

கேமில் அவர் பெயர் நெட்டையன். ஆளும் அப்படித்தான் இருப்பார்.

அந்த மலையில் கீழே முழுக்க மூட்டம். எப்போதும் விடியப்போகிற மாதிரி ஒரு வெளிச்சம். அவர் உச்சிக்குப் போய் நின்றுகொண்டிருப்பார். அரை மணி நேரம், முக்கால் மணி நேரம்...

"மேல ஏறி என்னங்க பண்றீங்க?" என்று ஒருநாள் கேட்டேன்.

"சும்மா நின்னுக்கிட்டு இருக்கறனுங்க."

எனக்குக் கடுப்பு. நான் நாக்குத் தள்ள ஏறி வருகிறேன், இவர் வேடிக்கை பார்க்கிறார்!

உற்றுக் கவனித்தேன். நாம் நிஜத்தில் குனிந்தால்தான் கேமிலும் குனிவோம். இவர் குனியவே மாட்டார். தரையில் கிடக்கிற கயிறு தானாகக் கிளம்பி அவர் கைக்கு வரும். மாட் போட்டிருக்கிறார் என்று முடிவு கட்டினேன். மாட் என்றால் கேமின் ஃபைலில் கைவைத்து நமக்குத் தோதாக மாற்றிக்கொள்வது.

வீடியோ எடுத்து ரிப்போர்ட் அடித்தேன். ஏமாற்றுகிறவர்களைப் பிடிக்கிற ஆன்டி-சீட் சாஃப்ட்வேர் மறுநாளே அவரைத் தூக்கி வெளியே போட்டது. பெரிய நீதிபதி மாதிரி அம்மாவிடம் பெருமை வேறு அடித்துக்கொண்டேன்.

ஒரு மாதம் கழித்துப் புது அக்கவுண்டில் வந்தார். அதே பெயர், அதே குரல். ஆனால் எங்கள் இடுப்பு உயரம்தான் இருந்தார்.

"என்னங்கண்ணா, குட்டையாயிட்டீங்க?" என்று யாரோ கிண்டல் செய்தார்கள்.

"நெசத்துல எனக்கு நிக்க முடியாதுங்க. புளி உலுக்க ஏறி மரத்துலருந்து உழுந்துட்டேன், பன்னண்டு வருசமாச்சு. கட்டல்ல சாஞ்சுக்கிட்டுதான் ஆடறேன். நிக்கற மாதிரி ஒரு மாட் எழுதி வெச்சிருந்தேன். எவனோ புண்ணியவான் ரிப்போர்ட் அடிச்சுட்டான்..."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நான் என் மைக்கை ம்யூட் செய்துவிட்டேன்.

யூடியூப் பார்த்துப் படித்து, படுத்தபடியே எழுதிய மாட் அது. மாட் செய்கிறவர்களின் குரூப்பில் இலவசமாகப் போட்டிருந்தார். எந்தெந்த நாட்டிலோ சக்கர நாற்காலியில் இருந்தவர்கள் அதை வைத்து எழுந்து நின்றார்களாம். என் வீடியோவுக்குப் பிறகு அந்த மாடை முடக்கி வந்த அப்டேட்டில் அத்தனை பேரும் உட்கார்ந்துவிட்டார்கள்.

அதற்கப்புறம் எங்கள் குரூப்பில் ஒரு பழக்கம் வந்தது. யார் ஆரம்பித்தது என்று தெரியாது. அவர் உள்ளே வந்ததும் அவரவர் வீட்டில் நாங்கள் தரையில் உட்கார்ந்துவிடுவோம். கேமிலும் எல்லோரும் ஒரே மட்டத்துக்கு வந்துவிடுவோம்.

மலை உச்சியில் பத்துப் பேர் வட்டமாக, சுற்றிலும் மூட்டம்... ஏறுவதையெல்லாம் மறந்துவிட்டு எதை எதையோ பேசிக்கொண்டிருப்போம். சில நாள் யாருமே பேச மாட்டோம். அந்த வெளிச்சத்தில் சும்மா இருப்பதே சுகமாக இருக்கும்.

அங்கே அப்படி. இங்கே அம்மா கத்துவார், "ஏண்டி, நடு வூட்ல குந்திக்கிட்டு யார்கூடடி கைய ஆட்டிக்கிட்டு இருக்கற?"

இரண்டு வருடம் அவரோடு அப்படி உட்கார்ந்திருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் உள்ளே போவேன். வாய் வராது.

"என்ன தங்கச்சி, பேச்சே காணோம்?" என்பார்.

"நெட் ஸ்லோவா இருக்குதுங்கண்ணா" என்பேன். கோழை நான்.

இன்று காலை போனேன். வாசலில் ஷாமியானா, பிளாஸ்டிக் நாற்காலிகள். அண்ணனைப் பார்த்ததும் அடக்க முடியாமல் அழுதேன். யார் இந்தப் பெண் என்று எல்லோரும் பார்த்தார்கள்.

அவர் அக்காதான் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்தார். "கேம்ல கூட ஆடற புள்ளையா நீ?"

தலையாட்டினேன். அப்புறம் எல்லாவற்றையும் அவரிடம் கொட்டிவிட்டேன்.

"அக்கா, அண்ணன் நிக்கறதுக்குன்னு ஒரு மாட் வெச்சிருந்தாருல்லங்க, அத ரிப்போர்ட் பண்ணது நாந்தாங்க. தெரியாம பண்ணிட்டேன். அவர்கிட்ட கடைசி வரைக்கும் சொல்லவே இல்லைங்க."

அக்கா என் முகத்தைப் பார்த்தார். கையை விடவில்லை.

"அப்ப அவன் நின்னத நீ பாத்திருக்கறயா?"

"பாத்திருக்கேங்கக்கா."

"எனக்கு அந்தப் பொட்டிய மாட்டுனா தல சுத்தும், நான் பாத்ததே இல்ல சாமி. அங்க எவ்ளோ ஒசரம் நிப்பான்?"

எழுந்து நின்றேன். என் தலைக்கு மேலே ஒரு சாண் விட்டுக் கையை வைத்துக் காட்டினேன். "இவ்ளோ ஒசரமுங்க."

அக்கா அண்ணாந்து அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குக் கையை இறக்க மனசு வரவில்லை.

மன்னிச்சுக்கங்கண்ணா. நல்லபடியா போங்க...