அது தூசியில்லை

கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துகிறவள் என்பதால் எங்களுக்கு அவள் கண்ணாடி அத்தை. அப்பாவின் ஒரே தங்கை. மாடியில் ஒற்றை அறை, ஒற்றைக் கட்டில், மேசையை அடைத்துக்கொண்டு கணினியோடு ஒரு பழைய ஸ்கேனர். கடையில் யாருக்கும் வேண்டாமல் கிடந்ததை, "சும்மா கெடக்கறது என்கிட்ட கெடக்கட்டும்" என்று தூக்கி வந்திருந்தாள்.

அக்காவுக்குக் கல்யாணம் நிச்சயமானதும் வீட்டு ஆல்பங்கள் அந்த மேசைக்குப் போயின. மண்டபத்தில் பெரிய திரை கட்டி அக்காவின் சின்ன வயதுப் படங்களை ஓட்ட வேண்டும் என்று அப்பாவுக்கு ஆசை.

அத்தை வேலை செய்வதைப் பார்க்க வேண்டும். பிளாஸ்டிக் தாளோடு ஒட்டிப்போன படத்தைப் பிய்க்க மாட்டாள். அடியில் தையல் நூலைக் கொடுத்து மெல்ல அறுத்தெடுப்பாள். ஸ்கேனர் கண்ணாடியின் மேல் எதையும் தெளிக்காமல், துணியில் தொட்டுத்தான் துடைப்பாள். ரப்பர் பந்தை அமுக்கிக் காற்றடித்துப் படத்தின் தூசியை விரட்டுவாள். படம் எவ்வளவு நுணுக்கமாக விழ வேண்டும் என்று சொல்லும் எண்ணை அறுநூறு டிபிஐக்குக் கீழே இறக்கவே மாட்டாள். மெஷின் தானாக வெளிச்சம் கூட்டுவது, நிறம் மாற்றுவது எல்லாவற்றையும் முதலிலேயே அணைத்துவிடுவாள். "நம்ம வீட்டு ஆளுங்க என்ன நிறம்னு அதுக்கென்ன தெரியும்?" என்பாள்.

அத்தையின் வலது கன்னத்தில் வெண்புள்ளிகள் உண்டு. உப்பைச் சிந்தினாற்போலப் பொடிப் பொடியாக. குடும்பப் படங்களில் எப்போதும் ஓரத்தில், வலது கன்னம் தெரியாதபடி திரும்பி நிற்பாள். போட்டோக்காரர்கள் சொல்லிச் சொல்லிப் பழகின கழுத்து அது.

ஒரே ஒரு படத்தில்தான் நேராகப் பார்க்கிறாள். இடுப்பில் கைக்குழந்தையாக அக்கா, சிரித்தபடி அந்த வலது கன்னத்தில் கை வைத்திருக்கிறாள். அக்காவுக்கு அந்த வயதுப் படம் வேறு கிடையாது. அத்தையை வெட்டினால் குழந்தையின் கையும் போய்விடும்.

ஒரு ஞாயிறு மதியம் நாங்கள் எல்லோரும் மாடிக்குப் போனபோது அந்தப் படம்தான் கணினியில் பெரிதாக நின்றது.

அப்பா தொண்டையைக் கனைத்தார். "என்னம்மா, இவ்வளவு பளிச்சுனு வந்திருக்கு?"

"நல்லா இருக்குங்கறியா, ஏன்டா வந்துச்சுங்கறியாண்ணே?"

அப்பா சுற்றி வளைத்தார். மாப்பிள்ளை வீட்டார் பார்ப்பார்கள். பரம்பரையாக வருமோ என்று யாராவது கேட்டுவைத்தால்? "தூசி நீக்குறதுக்குன்னு இதுல ஒரு கட்டம் இருக்கே. ஒரு டிக் போட்டாப் போதும்."

"இது தூசியில்ல. தூசியத்தான் காத்தடிச்சு வெரட்டிட்டேனே."

சொல்லிவிட்டு டீ போட அடுப்புப் பக்கம் திரும்பினாள். அப்பா சட்டென்று மவுஸைப் பிடித்து டிக் போட்டு, மறுபடி ஸ்கேன் கொடுத்தார். மெஷின் முனகியது, கோடு போன்ற வெளிச்சம் ஒரு முறை ஊர்ந்து அடங்கியது. புதிய படத்தில் ஒரு புள்ளியும் இல்லை.

"அட, பட்டு மாதிரி இருக்கே முகம்!" என்றாள் அம்மா.

அத்தை டம்ளரோடு நின்று பார்த்தாள். அக்காதான் திரையருகே குனிந்து, "அப்பா, என் பல்லக் காணோம்" என்றாள்.

கீழ் ஈறில் முளைத்திருந்த இரண்டு அரிசிப் பற்களையும் தூசிக் கணக்கில் சேர்த்துத் துடைத்திருந்தது மெஷின். அம்மாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "கல்யாணப் பொண்ணு பொக்கை வாயி!"

"பல்ல மட்டும் திருப்பிக் கொண்டு வர முடியாதா?" என்றார் அப்பா.

"முடியும். செய்ய மாட்டேன்." டம்ளரை ஸ்கேனரிலிருந்து தள்ளி வைத்தாள். "பல்லு வந்தா புள்ளியும் வரும்."

"அடம் பிடிக்காதம்மா. பொண்ணு வாழ்க்கை."

"அன்னைக்கு மண்டபத்துல நானும் இருப்பேன்ல? முன்வரிசைல, திரைக்கு நேரா உக்காருவேன். எனக்கு எங்க டிக் போடுவ?"

அப்பா படத்தை ஸ்கேனரிலிருந்து எடுத்து மேசையில் போட்டு, புள்ளியைத் தானே நீக்கிக்கொள்ளலாம் என்று செல்போனில் பிடித்தார். குழந்தையின் முகத்தில் ட்யூப்லைட் வெளிச்சம் குறுக்கே விழுந்தது. சாய்த்துப் பிடித்தார், அவருடைய தலையின் நிழல் விழுந்தது. அக்கா அவர் கையிலிருந்து படத்தை வாங்கி அத்தையிடம் நீட்டினாள். "கேட்டா கேக்கட்டும்பா. பதில் நான் சொல்லிக்கறேன்."

அத்தை படத்தின் மேல் காற்றடித்தாள். அப்பா போட்ட டிக்கை எடுத்தாள். அறுநூறை ஆயிரத்து இருநூறாக மாற்றினாள்.

மண்டபத்தில் அந்தப் படம் சுவர் அளவுக்கு விரிந்தது. புள்ளிகள் ஒவ்வொன்றும் கையகலம். மாப்பிள்ளையின் பெரியம்மா திரையைப் பார்த்தார், பக்கத்து நாற்காலியில் இருந்த அத்தையைப் பார்த்தார், மறுபடி திரையைப் பார்த்தார். "அது நீங்களா?"

"நானேதான். அப்ப இடுப்பு கொஞ்சம் சின்னது."

பிறகு மேடையில் குடும்பப் படத்துக்கு நின்றோம். அக்கா இழுத்துப் பக்கத்தில் நிறுத்தியதில் அத்தை நடுவில் இருந்தாள். போட்டோக்காரர் கேமராவை இறக்கிவிட்டு, கையால் சைகை காட்டினார். "அம்மா, முகத்தக் கொஞ்சம் அந்தப் பக்கம் திருப்பிக்குங்க."

"வேணும்னா நீ எடம் மாறி நில்லு தம்பி," என்றாள் அத்தை. "நான் திரும்பறதா இல்ல."