மதாம் செலின் நாற்காலி போட்ட இடம்

செலின் அம்மாள் இறந்த செய்தியை எனக்குச் சொன்னது ஒரு பேனர். காலையில் நீதிமன்றத்துக்குப் போகும் வழியில், நெல்லித்தோப்பு மார்க்கெட் முனையில், ஓர் உள்ளூர்ப் பிரமுகர் இரண்டு ஆள் உயரத்துக்குக் கைகூப்பி நின்றுகொண்டிருந்தார். அவருடைய முழங்காலுக்குப் பக்கத்தில், பாஸ்போர்ட் படம் அளவுக்கு, செலின் அம்மாளின் முகம். கீழே ‘கண்ணீர் அஞ்சலி’. ஸ்கூட்டரை நிறுத்திவிட்டுப் பக்கத்துப் பூக்கடையில் கேட்டேன். “உங்களுக்குத் தெரியாதா மேடம்? நேத்து சாயங்காலமே போயிட்டாங்க. மார்வலின்னாங்களாம், ஆஸ்பத்திரிக்கித் தூக்கிட்டுப் போறதுக்குள்ள முடிஞ்சிடுச்சாம்” என்றார் கடைக்காரர். எனக்கு அழுகை பிறகுதான் வந்தது. முதலில் வந்தது அருவருப்பு.

ஏனென்றால் அந்தப் பிரமுகரை எனக்குத் தெரியும். நாடாளுமன்றக் கூட்டுக்குழு புதுச்சேரிக்கு வந்தபோது மாலை, சால்வை, படகுச் சவாரி எல்லாவற்றையும் ஏற்பாடு செய்தவர். அன்று முழுக்கத் தொண்டை வறள மொழிபெயர்த்த செலின் அம்மாளுக்கு ஒரு டம்ளர் தண்ணீர் ஏற்பாடு செய்ய அவருக்குத் தோன்றவில்லை.

செலின் அம்மாளை அறிந்த உங்களுக்கு அவரை நான் அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பம். கணவர் ‘சொல்தா’, அதாவது பிரெஞ்சு ராணுவச் சிப்பாயாக இருந்து, ஓய்வூதியம் வாங்கிச் செத்துப்போனவர். அம்மாள் நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். தமிழ், பிரெஞ்சு, ஆங்கிலம் மூன்றிலும் கோபப்படத் தெரிந்தவர். ஊரே அவரைப் பிரெஞ்சு மரியாதையில் ‘மதாம்’ என்று கூப்பிடும்; அவர் என்னை ‘வக்கீலம்மா’ என்றுதான் கூப்பிடுவார். அதில் எப்போதும் கொஞ்சம் கிண்டல் இருக்கும்.

நெல்லித்தோப்பு விஜயாவை என்னிடம் அழைத்து வந்தவர் அவர்தான். விஜயாவைப் பிரான்சில் வேலை பார்க்கும் மாப்பிள்ளைக்குக் கொடுத்தார்கள். கல்யாணம் முடிந்து இரண்டு மாதம் இருந்துவிட்டு, விசா அனுப்புகிறேன் என்று போனவன் விசா அனுப்பவில்லை. அங்கே நீதிமன்றத்தில் வாங்கிய விவாகரத்துத் தீர்ப்பை அனுப்பினான். அது பிரெஞ்சில் இருந்ததால், படித்துச் சொல்லச் செலின் அம்மாளைத் தேடிப் போயிருக்கிறாள் விஜயா. வெளிநாட்டில் இருக்கும் கணவன், மனைவிக்குத் தெரியாமல் அங்கே வாங்கும் விவாகரத்து இங்கே செல்லாது என்று ஒரு மசோதா அப்போதுதான் வந்திருந்தது. எல்லா மதத்துக் கல்யாணத்தையும் தொடுகிற விஷயம் என்பதால் நாடாளுமன்றத்தில் ஒருவருக்கும் அதைக் கையில் எடுக்கத் துணிவில்லை. இரண்டு அவை உறுப்பினர்களையும் சேர்த்து ஒரு கூட்டுக்குழு போட்டு அதன் தலையில் கட்டினார்கள். ஊர் ஊராகப் போய்ச் சாட்சியம் கேட்பதாகக் குழு புறப்பட்டது. “நான் இன்னமும் பொண்டாட்டியா, இல்லியா? அத்த மட்டும் யாராச்சும் சொல்லிட்டாப் போதும் மதாம்” என்று விஜயா சொல்லிக்கொண்டிருந்த நேரம் அது.

குழு வந்த அன்று விடியற்காலையிலேயே ஒரு ஜீப் தேங்காய்த்திட்டுத் துறைமுகத்துக்குப் பறந்தது. உறுப்பினர்களுக்குப் பெரிய இறால் வேண்டுமாம். சாட்சி சொல்ல வந்த பெண்கள் ஷேர் ஆட்டோவில் வந்து, கடற்கரை விருந்தினர் மாளிகையின் நடைவழியில் நின்றார்கள். உட்காரச் சொல்ல ஆளில்லை. சமையலறையிலிருந்து இறால் வறுக்கிற வாசனை மட்டும் வந்துகொண்டிருந்தது.

விஜயாவை உள்ளே கூப்பிட்டார்கள். அவள் சொல்லச் சொல்ல, பக்கத்தில் உட்கார்ந்து செலின் அம்மாள் ஆங்கிலத்தில் சொன்னார். சாட்சி ‘நான்’ என்றால் மொழிபெயர்ப்பாளரும் ‘நான்’ என்றுதான் சொல்ல வேண்டும். அது அந்தத் தொழிலின் முறை. “என் கணவர் என்னை விட்டுவிட்டுப் போனார்” என்று அவர் சொல்லி முடித்ததும், குழுத் தலைவர் கண் கலங்கச் செலின் அம்மாளைப் பார்த்து, “மேடம், உங்கள் துயரத்தில் நாங்கள் பங்கு கொள்கிறோம்” என்றார். அறையில் ஒருவருக்கும் சிரிப்பு வரவில்லை. அத்தனை பேரும் அதுவரை விஜயாவைப் பார்க்கவே இல்லை. நல்ல புடவை கட்டி, நல்ல ஆங்கிலம் பேசிய அம்மாளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

செலின் அம்மாள் எழுந்தார். தன் நாற்காலியைத் தரையில் கரகரவென்று இழுத்துக்கொண்டு போய், விஜயாவுக்கு நேர் பின்னால் போட்டு உட்கார்ந்தார். அதிகாரி ஒருவர் ஓடிவந்து, “மேடம், இதெல்லாம் இங்க முறையில்ல, முன்னாடி வந்து உக்காருங்க” என்று காதில் கெஞ்சினார். “என் குரல் உங்களுக்குக் கேக்குதில்ல? போதும். மூஞ்சி அவளோடதப் பாக்கட்டும்” என்றார் அம்மாள். அதற்குப் பிறகு அவர்களுக்கு வேறு வழியில்லை. விஜயாவைத்தான் பார்த்தாக வேண்டியிருந்தது.

பார்த்தும் பயனில்லை. அவள் மாமனார் வீட்டில் பட்டதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது ஓர் உறுப்பினர் பக்கத்தில் இருந்தவரிடம் ஆங்கிலத்தில் முணுமுணுத்தார். செலின் அம்மாள் அதையும் தமிழில் உரக்கச் சொன்னார்: “சாப்பாடு மொதல்லியா, படகுச் சவாரி மொதல்லியான்னு ஐயா கேக்கறாரு.” விஜயா திகைத்தாள். பிறகு உண்மையான பதற்றத்தோடு கேட்டாள்: “அதுக்கு முன்னாடி என்னுது முடிஞ்சிடுமா சார்?” அம்மாள் அதை ஒரு சொல் கூட்டாமல், ஒரு சொல் குறைக்காமல் ஆங்கிலத்தில் சொன்னார். முணுமுணுத்தவர் கோப்பைப் புரட்டத் தொடங்கினார்.

வெளியே வந்ததும் அந்தப் பிரமுகர் அம்மாளை மடக்கினார். “என்ன மதாம், பெரியவங்க மானத்த வாங்கிட்டீங்களே. அதையெல்லாமா மொழிபெயர்க்கறது?” என்றார். “அந்த ரூம்ல அவளுக்குப் புரியாத பாஷையில எது பேசனாலும் அவகிட்ட சொல்றதுதான் என் வேலை. வாய மூடிக்கிறது அவங்க வேலை” என்றார் அம்மாள். நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். என் தொழிலில் இத்தனை வருடமாக நான் பல்லைக் கடித்துக்கொண்டு விழுங்கியவை எல்லாம் நினைவுக்கு வந்தன.

அந்தக் குழு கால நீட்டிப்பு வாங்கியது. மறுபடியும் வாங்கியது. அப்புறம் மக்களவையைக் கலைத்துவிட்டார்கள். அவை கலைந்தால் நிலுவையில் இருக்கும் மசோதா காலாவதி. குழுவும் அதோடு போயிற்று. விஜயாவுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டிய வேலை எனக்கு. “அப்ப நான் சொன்னது?” என்று கேட்டாள். நான் சட்டப் புத்தகம் போலப் பேசினேன். செலின் அம்மாள்தான் உடைத்துச் சொன்னார்: “செத்துப்போச்சும்மா. துக்கம் விசாரிக்கக்கூட ஒருத்தனும் வரல.”

புது அவை வந்தது. கிட்டத்தட்ட அதே மசோதா, புதுக் குழு, அதே விருந்தினர் மாளிகை. விஜயா அப்போது சேதராப்பட்டில் ஒரு தொழிற்சாலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். சம்பளத்தை விட்டுவிட்டு வந்தாள். முன்பு சொன்ன சாட்சியம் உங்கள் அலுவலகத்திலேயே இருக்கிறதே, அதைப் படியுங்கள் என்றார் அம்மாள். புதுக் குழு புதிதாகத்தான் கேட்கும் என்றார்கள். நாற்காலியைப் பின்னால் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார் அம்மாள். “பரவால்ல மதாம், சொல்றேன்” என்று விஜயா எல்லாவற்றையும் திரும்பச் சொன்னாள், மளிகைச் சாமான் ஒப்பிப்பது மாதிரி. ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. கூட்டம் முடிந்து படியிறங்கும்போது ஓர் உறுப்பினர், “இந்தப் பெண் அவ்வளவாகப் பாதிக்கப்பட்டதாகத் தெரியவில்லையே” என்று ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டு போனார். செலின் அம்மாள் பல்குத்தும் குச்சியும் இறால் ஓடும் கிடந்த மாளிகைப் புல்தரையில் காறித் துப்பினார். “அழுகைக்கும் கால நீட்டிப்பு கேக்கறானுங்க, பாத்தியா வக்கீலம்மா?” என்றார். அவர் துப்பி நான் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

அறிக்கை இன்னும் வரவில்லை. பார்க்கும்போதெல்லாம் அம்மாள் கேட்கும் முதல் கேள்வி, “வந்துச்சா?” என்பதுதான். வந்திருக்காது. போன மாதம்கூடக் கேட்டார்.

இரங்கல் கூட்டத்துக்கு அவரை அறிந்த நீங்களும் வந்திருந்தீர்கள். அந்தப் பிரமுகர் மேடையில், “அன்னார் எங்கள் குழுவின் குரலாக விளங்கினார்” என்று பேசியதை நீங்களும் கேட்டீர்கள். உங்களில் சிலர் கைகூடத் தட்டினீர்கள். அதை நான் மறக்கப் போவதில்லை. அம்மாள் குழுவின் குரலாக ஒரு நாளும் இருந்ததில்லை. கடைசி வரிசையில் இருந்த விஜயா பேச வேண்டும் என்று கேட்டதற்கு, நேரமில்லை என்றுவிட்டார்கள். அவளைத் தாண்டித்தான் பிரமுகருக்குச் சால்வை போர்த்த வரிசை நகர்ந்தது. எனக்கு மேடையேறிக் கத்த வேண்டும் போலிருந்தது. கத்தவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

போன வாரம் டில்லியிலிருந்து தொலைபேசி வந்தது. குழு மறுபடி வருகிறதாம். மேலும் சில விளக்கங்கள் தேவையாம். விஜயாவையும் அழைத்து வர வேண்டுமாம். செலின் அம்மாளுக்குப் பதிலாக நான் மொழிபெயர்க்க முடியுமா என்று கேட்டார்கள். முடியாது, போங்கடா என்றுதான் வாயில் வந்தது. ஆனால் அதைச் சொல்ல வேண்டியவள் விஜயா, நானில்லை. அதனால் அவள் வீட்டுக்குப் போனேன்.

வேலையிலிருந்து வந்து டிபன் பாக்ஸைக் கழுவிக்கொண்டிருந்தாள். “மூணாவது வாட்டியா மேடம்?” என்றாள். மூடியைத் தேய்த்துக் கழுவினாள். பிறகு, “அவங்களே இல்ல. யார நம்பி நான் வந்து உக்கார்றது?” என்றாள்.

எனக்குச் செலின் அம்மாளின் பிரெஞ்சு வராது. அவருடைய வாயும் தைரியமும் வராது. அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது, நாற்காலியை எங்கே போட வேண்டும் என்பது மட்டும்தான்.

“நீ முன்னாடி உக்காரு. நான் நாற்காலிய உன் பின்னாடி போட்டுக்கினு உக்கார்றேன்” என்றேன்.

டிபன் பாக்ஸைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கேட்டாள்: “குழுக்காரங்க அவங்களுக்குள்ள முணுமுணுத்துக்கறாங்களே, அதையும் சொல்வீங்களா?”

“ஒண்ணு விடாம சொல்றேன்” என்றேன்.