என் கடைவாய்ப் பல்லை நானே ரிஜெக்ட் பண்ணிய வரலாறு

இன்னிக்குக் காலையில, ஓசூர் பல் கிளினிக்ல...

என் பல்லுக்கு நானே மரண தண்டனை கொடுத்துட்டேன் மக்களே!

வலது கடைவாயில மூணு நாளா வலி. சாதாரண வலி இல்லை. ஒரு வாய் காபி குடிச்சா கிருஷ்ணகிரி மலைக்கோட்டையே இடிஞ்சு தாடையில விழுற வலி!

இடது பக்கம் அரைக்கிற பல்லெல்லாம் ஏற்கெனவே காலி. இதுவும் போச்சுன்னா ராகிக் களியை முழுங்கலாம்; கூட இருக்கிற கறியை மோந்து மட்டும்தான் பாக்கலாம்.

கிளினிக்ல தாடையை ஒரு மெஷின்ல முட்டுக் கொடுத்து நிக்க வெச்சாங்க. அது என் தலையைச் சுத்தி வருது! சூரியனைப் பூமி சுத்துற மாதிரி. (சூரியன் நான்தான், சந்தேகமே வேணாம்.)

"அல்லாடபேடி சார்!"னு டெக்னீஷியன் பொண்ணு கன்னடத்துல அதட்டுச்சு. ஆடாம அசையாம சிலையா நின்னேன்.

கண் மூடித் திறக்குறதுக்குள்ள மொத்தப் பல்வரிசையும் மானிட்டர்ல!

இங்கே ஒரு உண்மையைச் சொல்லணும். முப்பது வருஷம் நான் வார்ப்படக் கம்பெனியில இன்ஸ்பெக்டர். பீஸை எக்ஸ்ரே எடுத்து, ஃபிலிமை வெளிச்சத்துல பிடிப்பேன். உள்ளே கறுப்பா ஒரு புள்ளி தெரிஞ்சா போதும், ரிஜெக்ட்! எமனாவது யோசிப்பான், நான் யோசிக்க மாட்டேன்.

ஆபரேட்டர் முனிராஜு கெஞ்சுவான். "சார், ரீவொர்க் பண்ணா சரியாயிடும் சார்..."

"ஓட்டையை அடைச்சு ஏமாத்தப் பாக்குறியா?"

"மேனேஜர்கிட்ட டீவியேஷன் ஃபார்ம்ல 'குறை இருந்தாலும் போகட்டும்'னு கையெழுத்து வாங்கிட்டு வரேன், பாஸ் பண்ணுங்க சார்..."

"கடவுளே கையெழுத்துப் போட்டாலும் முடியாது!"

அந்தக் கை, அந்த வாய். சும்மா இருக்குமா?

டாக்டரம்மா மானிட்டர்ல ஒரு கறுப்புப் புள்ளியைக் காட்டி, "இதைப் பாருங்க அங்கிள்"ன்னாங்க.

"ரிஜெக்ட்!"னு கத்திட்டேன்.

"ஓ... அப்ப பிடுங்கிடலாமா அங்கிள்?"

பக்கத்துல வீட்டம்மா தலையில அடிச்சுக்கிட்டாங்க. "ஏங்க, வாயை வெச்சுக்கிட்டு சும்மா இருக்க மாட்டீங்களா!"

எனக்கு வேர்த்துக் கொட்டுது. "டாக்டர்... ரீவொர்க் பண்ணா சரியாயிடாதா டாக்டர்?"

அச்சு அசல் முனிராஜு குரல்!

டாக்டரம்மா சிரிச்சுக்கிட்டே படத்தைப் பெருசாக்கினாங்க. "வேர் நல்லா இருக்கு, எலும்பும் நல்லா இருக்கு. ரூட் கெனால் பண்ணி கேப் போட்டா தாங்கும். ஒரே பார்வையில முடிவு பண்ணலாமா அங்கிள்?"

சுருக்னு இருந்துச்சு. (பல்லு இல்லை, வேற இடம்.)

சம்மதப் பாரத்தை நான் வரி வரியா இன்ஸ்பெக்ட் பண்ண, வீட்டம்மா பிடுங்கி அவங்களே கையெழுத்துப் போட்டுட்டாங்க.

பாதி வாய் மரத்துப்போய் வெளியே வந்ததும் முனிராஜுவுக்குப் போன் அடிச்சேன். இப்ப ஜூஜுவாடியில சொந்தமா லேத் பட்டறை வெச்சிருக்கான்.

"முனிஷாஷு, அன்னிக்கு நீ ஷொன்னதைக் கேட்டிருக்கணும்ப்பா."

"என்னா சார், பகல்லயே தண்ணியா?"

"பழ்ழுப்பா, பழ்ழு!"

முழுக் கதையும் சொன்னேன். அஞ்சு நிமிஷம் சிரிச்சான். அப்புறம் கேட்டான்:

"எல்லாம் சரி சார், டீவியேஷன்ல கையெழுத்து யாரு?"

"வீட்டம்மா."

"அப்ப பீஸ் பாஸ் சார்!"

இன்ஸ்பெக்‌ஷன்ல இருக்கிற தம்பி தங்கச்சிங்களா, ரிஜெக்ட் முத்திரையை எடுக்குறதுக்கு முன்னாடி ஒரு தடவை ஜூம் பண்ணிடுங்கப்பா.

உங்க பல்லா இருந்துடப் போவுது!